செம்பருத்தி வாடகை

எறும்புகளோடு பேசிப் பார்த்த பிறகுதான் அவற்றின் மேல் கைவைக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது செங்கோடன் அதைப் பொருட்படுத்தவில்லை. மனிதர்களோடு பேசுவதையே அவன் ஏறக்குறைய நிறுத்தியிருந்தான்.

அதற்கு முன்பே கோயம்புத்தூரில் பூச்சிமருந்து ஒழிந்துபோயிருந்தது. ஒவ்வோர் அடுக்ககமும் தன் சமையலுக்கு வேண்டிய காய்கறியில் ஒரு பகுதியைத் தன் மொட்டைமாடியிலேயே விளைவிக்க வேண்டும், ரசாயனம் ஒரு சொட்டும் ஆகாது என்று விதி. மண்புழு உரம், மோர்க்கரைசல், வேப்பெண்ணெய் என்று சமாளித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மோப்பப்பெட்டி வந்தது. எறும்புகள் வாசனையால் பேசிக்கொள்வதை அது படித்துத் தமிழில் சொல்லும். நாம் சொல்வதை வாசனையாக்கி ஊதும். பேசத் தெரிந்தவர்களைப் பேசாமல் கொல்வது என்ன நியாயம் என்று ஒருவர் வழக்குப் போட்டார். ஜெயித்தும்விட்டார். எறும்பின் மேல் வேப்பெண்ணெய்கூடத் தெளிக்கக் கூடாது என்றாகிவிட்டது.

வந்த புதிதில் ஊரே எறும்போடு பேசியது. எறும்புக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு எதிலும் அக்கறை இல்லை என்று தெரிந்ததும் பலர் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். சிலர் மட்டும், சொந்தக்காரர்களோடு பேசுவதற்கு இது மேல் என்று தொடர்ந்தார்கள்.

செங்கோடன் சரவணம்பட்டியில் ஓர் அடுக்ககத்தின் மேல்தளத்தில் குடியிருந்தான். பம்ப் கம்பெனியில் வரைபடப் பிரிவில் வேலை. போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்த அவன் மனைவி தாரணி எழவில்லை. அதற்குப் பிறகு அவனுக்கு எதுவும் சரியாக உறைப்பதில்லை. கொதிக்கும் காபியும் ஆறிய காபியும் ஒன்றாகவே இருந்தன. மொட்டைமாடியில் மற்றவர்கள் கட்டெறும்புக்குப் பயந்து முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அவன் வெறுங்காலோடு நடந்தான். கடித்திருக்கும், நமக்குத்தான் தெரிவதில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அவனுடைய பாத்தியில் கத்தரி, வெண்டை, ஒரு பப்பாளி எல்லாம் இருந்தன. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றினான், அவ்வளவுதான். ஆனால் ஓரத்துத் தொட்டியில் இருந்த அடுக்குச் செம்பருத்தியை மட்டும் தினமும் காலையில் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து இலை இலையாகத் துடைத்தான். அது தாரணி வைத்தது. கல்யாணத்தன்று மண்டபத்துக் கொல்லையில் யாருக்கும் தெரியாமல் ஒரு குச்சியை ஒடித்து, பட்டுப்புடவைக் கொசுவத்தில் செருகிக்கொண்டு வந்தாள். தாலி கட்டியபோது அந்தக் குச்சி அவன் விலாவில் குத்தியது. அவள் போன பிறகு அதை அழுக்கில்லாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் தான் செய்யக்கூடியது என்று அவன் எடுத்துக்கொண்டான். செடியின் அடித்தண்டில் அவள் சுற்றிவைத்திருந்த கிழிந்த துணிப்பட்டைகளைக்கூட அவிழ்த்துப் போட்டுவிட்டு, புதுத் தேங்காய்நார்க் கயிறு வாங்கிக் கட்டினான். அந்த மாடியிலேயே பளபளவென்று இருந்தது அந்த ஒரு செடிதான்.

மற்ற எல்லாச் செடியிலும் மாவுப்பூச்சி. சப்பாத்திக்கு மாவு தூவிய மாதிரி வெள்ளை வெள்ளையாக, கீழ்வீட்டு சுலோச்சனாக்காவின் தக்காளியில் ஆரம்பித்து, அடுக்ககத் தலைவர் ராக்கியப்பனின் கத்தரிக்குப் போய், இப்போது மாடி முழுக்கப் பரவியிருந்தது. பூச்சியை நசுக்கப் போனால் கட்டெறும்பு பாய்ந்து கடித்தது. ராக்கியப்பன் நூல்மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றவர். எதற்கும் அசராதவர். அவரே கால் வீங்கி, வாடகைக்கு மோப்பப்பெட்டியோடு ஆள் கூப்பிட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெனாசிர் என்ற பெண் வந்தாள். உக்கடத்துக்காரி. மிக்சி அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து மீசை மாதிரி இரண்டு செம்புக் குழாய்கள்.

"யாராவது சென்ட் போட்டிருந்தா தள்ளி நில்லுங்க," என்றாள். "பீளமேட்டுல ஒருத்தர் மரிக்கொழுந்து சென்ட் போட்டுட்டு வந்துட்டார். புத்துல இருந்தவங்க அதை வெள்ளம் வருதுன்னு எடுத்துக்கிட்டு, முட்டையெல்லாம் தூக்கிட்டு அவர் வீட்டு பீரோவுக்குள்ளயே குடி போயிட்டாங்க."

"நான் பவுடர் மட்டுந்தானுங்," என்றார் ராக்கியப்பன்.

"அதையும் தொடச்சிருங்க சார்."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சுலோச்சனாக்கா பொறுமை இழந்தாள். "ஏம்மா, ஒரு மாவுப்பூச்சிகிட்டப் பேசறதுக்கு இத்தனை கூத்தா?"

"மாவுப்பூச்சிகிட்டப் பேச முடியாதுக்கா. அது மாடு மாதிரி. செடியில சாறு குடிக்கும், இனிப்பாக் கழியும். அந்த இனிப்புக்காகக் கட்டெறும்பு அதை மேய்க்குது, செடிக்குச் செடி ஓட்டிட்டுப் போகுது, காவலும் இருக்குது. நாம மாட்டுக்காரங்ககிட்டத்தான் பேசணும்."

"அப்ப என்னைக் கடிச்சது மாட்டுக்காரனுங்களா?" என்றார் ராக்கியப்பன்.

"காவலுக்கு இருந்தவங்களா இருக்கும்."

"அடேங்கப்பா. என் கத்திரியில மேய்ச்சுப்போட்டு எனக்கே காவலு."

பெனாசிர் எறும்புச் சாரையின் ஓரத்தில் பெட்டியை வைத்தாள். கொஞ்ச நேரம் புஸ் புஸ் என்று ஊதியது. பிறகு ஒரு குரல் நிதானமாகக் கேட்டது.

"வணக்கமுங்க. யாருங்க பேசறது?"

எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

"ஏம்மா," என்றார் ராக்கியப்பன் மெல்லிய குரலில், "எறும்பு என்ன நம்மூருப் பேச்சுப் பேசுது?"

"அது நாங்க வெச்சது சார். எறும்புக்கு ஏது மரியாதை. அதுக்கு மொத்தமே கொஞ்சம் வாசனைதான். சாப்பாடு, ஆபத்து, நம்மாளு, வேத்தாளு, எங்களுது, உங்களுது, அந்த மாதிரி. மிச்சத்தைப் பெட்டியே கோத்துக்கும். மொதல்ல 'விலகு, கடிப்பேன்'னு அப்படியே சொல்ற மாதிரிதான் இருந்துச்சு. கேட்டவங்க கோவத்துல மிதிச்சுட்டாங்க. கோயம்புத்தூர் மரியாதையில மாத்துனதுக்கு அப்புறம் கொலை பாதியாக் கொறைஞ்சிருச்சு."

ராக்கியப்பன் தொண்டையைச் செருமினார். "இந்த அடுக்ககத்தோட தலைவருங்கற முறையில, இங்க கூடியிருக்கற அத்தனை குடும்பத்து சார்பாவும்..."

"சார், சுருக்கமா. பெட்டியில வாசனை தீர்ந்துரும்."

"என்னதான் வேணும்னு கேளும்மா."

அவள் கேட்டாள். பெட்டி ஊதியது. சாரை ஒரு கணம் தடுமாறி, வட்டமாகச் சுழன்று, மறுபடி நேரானது.

"செம்பருத்தி வேணுமுங்க."

"அதைக் குடுத்தா?" என்று பெனாசிர் கேட்டாள்.

"மத்த செடிக்கு வரமாட்டமுங்க."

எல்லோரும் திரும்பிச் செங்கோடனைப் பார்த்தார்கள். அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

"அவ்வளவுதானா," என்று சுலோச்சனாக்கா பெருமூச்சு விட்டாள். "நான் பயந்தே போயிட்டேன். ஒத்தைச் செடிதானே தம்பி."

"முடியாதுக்கா," என்றான் செங்கோடன்.

எறும்பு பேசியபோது திகைத்ததைவிட அதிகமாகத் திகைத்தார்கள். மாடியில் அவன் குரலைக் கேட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

ராக்கியப்பன் பக்கத்தில் வந்து நின்றார். "கண்ணு, அந்தப் புள்ள வெச்ச செடின்னு எனக்குந் தெரியும். நான் சந்தையில இதே மாதிரி அடுக்குச் செம்பருத்தி நல்லதாப் பாத்து..."

"வேண்டாங்ண்ணா."

பெனாசிர் எழுந்து நின்றாள். "சார், பேச்சு முறிஞ்சா சட்டப்படி மாடியைக் காலி பண்ணணும். எல்லாச் செடியும் மக்குக்குழிக்குப் போயிரும். மண்ணை வெயில்ல காயப்போட்டு ஒரு பருவம் சும்மா விடணும். அதுல உங்க செம்பருத்தியுந்தான் போகும்."

"தெரியுது."

"எப்படியும் போகப்போகுதுன்னா, இவங்க காயாவது தப்பிக்கட்டுமே."

"பிடுங்கிட்டுப் போனா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். என் கையால குடுக்க மாட்டேன்."

சுலோச்சனாக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ராக்கியப்பன் கையைக் காட்டி அடக்கினார். அவருடைய கத்தரி காய்ப்புக்கு வந்திருந்தது. ஒவ்வொரு காயையும் பேரப்பிள்ளையைத் தடவுவதுபோலத் தடவுகிற மனிதர். ஆனாலும் அவர் சொன்னது இதுதான். "சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்மா. ஒரு டீ சாப்பிட்டு வாங்க. தம்பி யோசிக்கட்டும்."

தம்பி யோசிக்கவில்லை. பஞ்சை எடுத்துக்கொண்டு போய், காலையில் விட்டுப்போன இலைகளைத் துடைத்தான். கணுவில் ஒரு மாவுப்பூச்சி புதிதாக ஒட்டியிருந்தது. அதையும் எடுத்து, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டான்.

சாயங்காலம் பெனாசிர் கையில் தேங்காய் பன்னோடு வந்தாள். மாடியில் செங்கோடன் மட்டும் இருந்தான்.

"பேரம் பேசலாமா?" என்றான்.

"அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்."

"என் பாத்தி முழுக்க எடுத்துக்கட்டும். கத்தரி, வெண்டை, பப்பாளி. பப்பாளியில மாவுப்பூச்சி நல்லா வரும். செம்பருத்தியை விட்டுரச் சொல்லுங்க."

அவள் பன்னைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் பெட்டியைத் திருகினாள். ஊதியது. சாரை சுழன்றது.

"அதெல்லாம் வேண்டாமுங்க. செம்பருத்தி எங்களுதுங்க."

"கேக்கறாங்களா, இல்ல சொல்றாங்களா?" என்றான் செங்கோடன்.

பெனாசிரின் நெற்றி சுருங்கியது. "சொல்றாங்க. காலையில 'வேணும்'னுதானே வந்துச்சு. இருங்க." மறுபடி திருகினாள். "எப்பருந்து உங்களுது?"

இந்த முறை நேரம் பிடித்தது.

"முன்னாடியிருந்தேங்க. எங்களுக்குன்னு குடுத்ததுங்க. மாடெல்லாம் அங்கதான் இருந்துச்சுங்க. மத்த செடியை நாங்க தொடலீங்க. அப்புறம் மாடு திருட்டுப் போச்சுங்க. தெனமும் காலையில வெள்ளையா ஒண்ணு வந்து வழிச்சு எடுத்துட்டுப் போயிருமுங்க. மேய்க்க எடமில்லீங்க. அதனால மத்த செடிக்குப் போனமுங்க."

பெனாசிர் மெல்லத் திரும்பினாள். செங்கோடன் கையில் பஞ்சு இருந்தது.

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "சார், மன்னிச்சுக்கங்க. நான் கோயம்புத்தூர் பூராவும் சுத்தியிருக்கேன். மாட்டுத் திருடனை நேர்ல பாக்கறது இதுதான் மொதல் தடவை."

செங்கோடன் சிரிக்கவில்லை. செடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தாரணி இருந்தபோது அது பளபளவென்று இருந்ததே இல்லை. கணுவுக்குக் கணு வெள்ளைப் பிசின், சுருண்ட இலை, கோணல் பூ. மற்ற செடியெல்லாம் கொழுகொழுவென்று நிற்கும், இது ஒன்று மட்டும் சொறிபிடித்த மாதிரி நிற்கும். ஒருநாள் அவன் கேட்டான். "ஏன் தாரணி, கல்யாணச் செடின்னு பீத்திக்கற, இதை மட்டும் இந்தக் கதியில விட்டு வெச்சிருக்க?" அவள் வெண்டைக்காயைப் பறித்துக்கொண்டே சொன்னாள். "அது வாடகை மாமா." அவளுக்கு அப்படி எதையாவது சொல்லும் பழக்கம் உண்டு. அவன் விளக்கம் கேட்கவில்லை.

இந்த மாடியின் மாவுப்பூச்சி மொத்தமும் தன் கைவேலை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவங்ககிட்டப் பெட்டி இருந்துச்சா சார்?" என்றாள் பெனாசிர். சிரிப்பு நின்றிருந்தது.

"இல்ல. அப்ப பெட்டியே வரல. சும்மா பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருப்பா. சோறு வடிக்க மறந்துருவா."

பெனாசிர் தலையாட்டினாள். பிறகு அவள் பார்வை கீழே போனது. அவனுடைய வெறும் பாதத்தைச் சுற்றிச் சாரை போய்க்கொண்டிருந்தது. சில எறும்புகள் பாதத்தின் மேலேயே ஏறி இறங்கின.

"இவ்வளவு திருடியும் உங்களை ஏன் கடிக்கலை?"

"கடிச்சிருக்கும். எனக்குத் தெரியறதில்ல."

"கட்டெறும்பு கடிச்சாத் தெரியாதா? தழும்பு எங்க?"

அவன் காலைத் தூக்கிப் பார்த்தான். ஒன்றுகூட இல்லை.

அவள் பெட்டியிடம் கேட்டாள்.

"அவரு நம்மாளுங்க. கடிக்கக் கூடாதுங்க."

"யார் சொன்னது?"

"செம்பருத்தியடியில இனிப்பு இருந்துச்சுங்க. அதோட அவரு வாசனையும் இருந்துச்சுங்க. எப்பவுமே ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குமுங்க. இனிப்போட வர்ற வாசனை நம்மாளுங்க. அப்புறம் இனிப்பு நின்னு போச்சுங்க. வாசனை மட்டும் தண்டுல கொஞ்சம் ஒட்டியிருக்குதுங்க. அதுவும் போயிட்டிருக்குதுங்க."

துணிப்பட்டை. தாரணி இருந்தபோது செங்கோடனின் பனியன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அழுக்குக் கூடையிலிருந்து அவள் ஒன்றை உருவிக்கொண்டு போவதை ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தான். செடிக்குக் கட்ட என்றாள். கட்டறதுன்னா துவைச்சதை எடு, இது வேர்வை நாத்தம் என்றான். "துவைச்சது எதுக்கு ஆகும்?" என்று சொல்லிவிட்டுப் போய், அதைக் கிழித்து வெல்லத்தண்ணீரில் முக்கினாள்.

"வெல்லத்துல முக்கின பனியன்," என்றான் பெனாசிரிடம். "நான் எப்பவும் செருப்புப் போடாம, கீழ பாக்காம நடப்பேன். திட்டிப் பாத்தா. கேக்கல."

"அதனால எறும்புகிட்டச் சொல்லிட்டாங்க." பெனாசிர் பெட்டியின் மூடியைத் தடவினாள். "சார், நான் ஒண்ணு சொல்லிரணும். பெட்டி வாக்கியத்தைத் தானாக் கோக்கும். அவங்க தெரிஞ்சு செஞ்சாங்களா, தற்செயலா அமைஞ்சுதான்னு பெட்டிக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றான்.

பஞ்சைக் கிண்ணத்தில் போட்டான். தேங்காய்நார்க் கயிற்றை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"எழுதிக்கங்க. செம்பருத்தி அவங்களுது."

"அந்த இன்னொண்ணு? நம்மாளு? அதைப் புதுப்பிக்கணும்னா ஒரு பனியனும் கொஞ்சம் வெல்லமும் போதும்."

அவன் பதில் சொல்வதற்குள் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ராக்கியப்பன் வந்தார். விவரத்தைப் பெனாசிர் சொன்னாள். மாட்டுத் திருட்டு வந்த இடத்தில் அவர் செங்கோடனை ஒரு பார்வை பார்த்தார். பனியன் வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"சார், என்ன பண்றீங்க?"

"பனியனக் கழட்டறேம்மா. தம்பிக்கு மட்டுந்தான் அந்தச் சலுகையா? துவைக்காததுதானே வேணும்? அதுக்கு நம்மகிட்டப் பஞ்சமில்லீங்க."

"அண்ணா, உங்க பனியனைச் சுத்துனா செடி தெரியாது," என்றான் செங்கோடன்.

ராக்கியப்பன் பாதி கழற்றிய பனியனுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து அவனைப் பார்த்தார். அவன் கிண்டல் செய்து கேட்டு வெகு நாளாகியிருந்தது. "கிழிச்சுக் கட்டு கண்ணு," என்றார் மெதுவாக.

செங்கோடனே கிழித்தான், வெல்லம் கரைத்தான், முக்கிக் கட்டினான். பெனாசிர் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களோடது?"

"வேண்டாம். அது அவ எனக்காகப் போட்ட கட்டு. நானே போட்டுக்கிட்டா அது வேற."

மறுநாளிலிருந்து மாடியில் இடமாற்றம் நடந்தது. கட்டெறும்புகள் மாவுப்பூச்சிகளை வாயில் கவ்விக்கொண்டு, தக்காளியிலிருந்தும் கத்தரியிலிருந்தும் இறங்கி, கைப்பிடிச் சுவரோரமாக வரிசையாகப் போய்ச் செம்பருத்தியில் ஏறின. சுலோச்சனாக்கா நாற்காலி போட்டுப் பார்த்தாள். இப்படி ஒழுங்காக வீடு மாற்றுகிறவர்களை இந்த அடுக்ககத்தில் தான் பார்த்ததில்லை என்றாள். ராக்கியப்பன் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, எறும்புச் சாரைக்கு நடுவில் மாப்பிள்ளை மாதிரி நடந்தார். யாராவது பார்த்தால் நின்று, ஒரு காலைத் தூக்கி, பாதத்தைத் திருப்பிக் காட்டினார்.

செம்பருத்தியில் பளபளப்பு போனது. கணுவெல்லாம் வெள்ளை அப்பியது, இலை சுருண்டது. ஒரு பூ பூத்தது, கோணலாக. செங்கோடன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை மாதமும் அவன் துடைத்துத் துடைத்து வளர்த்தது வேறு யாரோ வைத்த செடி மாதிரி இருந்தது. இதுதான் அவளுடைய செடி.

அன்று காலை வெல்லத்தண்ணீர் ஊற்ற வழக்கம்போல் வெறுங்காலோடு போனான். வழக்கம்போல் கீழே பார்க்கவில்லை. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் சுரீர் என்றது.

"ஸ்ஸ்," என்று காலைத் தூக்கினான். சொம்பு உருண்டது. கட்டெறும்பு ஒன்று கவ்விய பிடியை விடாமல் தொங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஒற்றைக்காலில் நின்றபடி அதை மெல்லப் பிரித்தெடுத்து, செம்பருத்தித் தண்டில் விட்டான்.

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சுலோச்சனாக்கா எட்டிப் பார்த்தாள். "என்ன தம்பி, கடிச்சிருச்சா?"

"ஆமாங்க்கா."

"வலிக்குதா?"

"நல்லா வலிக்குதுங்க்கா."

நொண்டிக்கொண்டே கீழே இறங்கினான். விரல் வீங்கத் தொடங்கியிருந்தது. அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டான். முதல் மிடறிலேயே நாக்கு சுட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆற்றுவதற்கு டபரா எங்கே என்று தேடினான்.